இலங்கை வானொலியும் நொய்யல் கரைப் பாட்டுத் தொகுப்பும்

கொங்கு நாட்டில் நொய்யல் ஆற்றை ஒட்டிய சாமளாபுரம், சோமனூர், பல்லடம் வட்டாரத்துத் தறிக்காரர்களுக்குச் சினிமாப் பாட்டைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, பெயர் சொல்லிக் கொடுத்த முதல் ஆட்கள் கொழும்பில் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் ரேடியோ சிலோன் எனப்பட்ட இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கான நேரத்தைக் குறைத்தார். பாட்டுக் கேட்க விரும்பியவர்களெல்லாம் ரேடியோ முள்ளைக் கொழும்பு பக்கம் திருப்பினார்கள். 1957இல் விவித் பாரதி வந்தது. 1966இல் கோயம்புத்தூரிலேயே வானொலி நிலையம் திறந்தது. ஆனாலும் கொங்கு நாட்டில் இலங்கை வானொலியின் பிடி எளிதில் தளரவில்லை.

காரணம் பாட்டு மட்டுமல்ல. அதே பாடல்களை மற்ற நிலையங்களும் ஒலிபரப்பின. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று முடிவு செய்யும் கலையில் இலங்கை அறிவிப்பாளர்கள் முந்தியிருந்தார்கள். எஸ்.பி. மயில்வாகனன், அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலை நேயர்கள் முதல் சொல்லிலேயே கண்டுகொண்டார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்', இரவில் 'இரவின் மடியில்' என்று நேரத்துக்கேற்ற மனநிலையைப் பாடல்களாலேயே உண்டாக்கினார்கள். 'இசையும் கதையும்' நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. நேயர் எழுதி அனுப்பிய சிறுகதையை வாசித்து, கதையின் திருப்பங்களில் அதற்குப் பொருந்தும் பாடல்களை வைப்பார்கள். வெவ்வேறு படம், வெவ்வேறு இசையமைப்பாளர், வெவ்வேறு காலம் என்றிருந்த பாடல்கள் அங்கே ஒரே கதையின் பாகங்களாயின. தமிழில் நல்ல பாட்டுத் தொகுப்புக்கு இலக்கணம் வகுத்தது இந்த நிகழ்ச்சி என்றே சொல்லலாம்.

விசைத்தறி ஓடும் குடோனுக்குள் ரேடியோ எடுபடாது. நாடா அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அதனால் கேட்பதற்கான இடங்கள் வேறாக இருந்தன: டீக்கடை, சைக்கிள் கடை, தார் சுற்றும் திண்ணை, ஷிப்ட் முடிந்து திரும்பும் வீடு. கரண்ட் போனால் தறி நிற்கும். பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் நிற்காது. மின்வெட்டு நேரத்தில் குடோனுக்குள்ளும் பாட்டு நுழைந்தது அப்படித்தான். அந்நாளில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்; ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும்.

அறிவிப்பாளரின் தேர்வு வானொலியை விட்டு வெளியேறி, கடையில் வாங்கும் பொருளாக மாறியதற்கு இந்தியாவின் தெளிவான உதாரணம் அமீன் சயானி. ரேடியோ சிலோனில் 1952 டிசம்பரில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா'வை அவர் பம்பாயில் பதிவுசெய்து கொழும்புக்கு அனுப்பினார். பல்லாண்டு ஒலித்த அந்த இந்திப் பாடல் வரிசையைப் பின்னாளில் எச்.எம்.வி. நிறுவனம் சயானியின் குரல் விளக்கத்துடனே கேசட்டுகளாக வெளியிட்டது. மேற்கில் ஜான் பீலின் தொகுப்பு வேறொரு துணிச்சல் கொண்டது. 1967 முதல் 2004இல் இறக்கும் வரை பிபிசி ரேடியோ 1இல் இருந்த அவர், 2002இல் லண்டன் நடன விடுதி ஒன்றின் வெளியீட்டு வரிசைக்காகத் தேர்ந்த தொகுப்பில், ராக் பாடல்களுடன் கால்பந்து ரசிகர்களின் கூட்டுக்குரலையும் சேர்த்தார். சயானியின் வரிசை ஊர் ஏற்றுக்கொண்டதைப் பதிவு செய்தது; பீலின் வரிசை ஒரு மனிதரின் காதை நம்பச் சொன்னது.

நொய்யல் கரையில் இந்த இரண்டாவது வகைக்கு நெருங்கி நின்றவர் ரேடியோ செட்டுக்காரர். கொங்கு வட்டாரத்தில் சவுண்ட் சர்வீஸுக்கு வழங்கும் பெயர் 'ரேடியோ செட்'. கல்யாணம், சீர், மாரியம்மன் நோம்பி எதுவானாலும் முதல் நாளே மரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, பக்திப் பாடல், பிறகு எம்.ஜி.ஆர்., சிவாஜி படப்பாடல்கள், நள்ளிரவுக்கு மேல் 'திருவிளையாடல்' வசன ரெக்கார்டு என்று போகும். எழுதி வைக்காத இந்த வரிசை பல ஊர்களுக்கும் பொது. ஆனால் பந்தி நேரத்தில் எதைப் போடுவது, பெண் அழைப்புக்கு எது, ஒரு கட்சிக்காரர் பாட்டு இரண்டு ஓடிவிட்டால் மற்றவருக்கு எப்போது இடம் கொடுப்பது என்பதெல்லாம் அந்த மனிதரின் தீர்ப்பு. ஊர்ச் சண்டையைத் தவிர்க்கும் பொறுப்பும் அதில் இருந்தது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், 1980களில் தமிழகத்துச் சிற்றூர்களையும் எட்டியது. கூடவே வந்தது ரெக்கார்டிங் சென்டர். சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டுகள், ஒரு டர்ன்டேபிள், இரண்டு டெக், ஆம்ப்ளிஃபயர். தொழிலுக்கு அவ்வளவு போதும். வாடிக்கையாளர் நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டென்றால் பக்கத்துக்கு ஆறுதான். பட்டியல் நீளமாக இருந்தால் கடைக்காரர் வெட்டுவார், மிச்ச நேரத்துக்கு அவரே ஒரு சின்னப் பாட்டைக் கண்டுபிடித்து நிரப்புவார். பாட்டு பாதியில் அறுந்தால் கடையின் பெயர் கெடும். "அண்ணா, நீங்களே நல்ல பாட்டா பாத்துப் போட்டுக் குடுங்க" என்று வெறுங்கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறவரும் உண்டு. அப்போது கடைக்காரர் முழு அறிவிப்பாளராகிவிடுவார். சோகப் பாடல், தத்துவப் பாடல், தாய்ப்பாசம், இளையராஜா, பழசு என்று பிரித்தும் கலந்தும் அவர் செய்த வரிசை, அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் பதிவாகும். கடைசியாகக் கேசட்டின் முதுகிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துக் கொடுப்பார். இனி மேலே வேறு எதுவும் பதிவாகாது. உரிமையாளர் அனுமதியின்றி நடந்த இந்தப் பதிவு சட்டவிரோதமானது; 1984இல் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் கடுமையும் சேர்த்தது. கடைகள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தன.

இதே காலத்தில் இலங்கையில் நிலைமை மோசமானது. 1983 கலவரத்துக்குப் பின் ஒலிபரப்பாளர்கள் பலர் புலம்பெயர்ந்தார்கள். கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். தமிழ் வானொலி உலகுக்கு அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வளர்ந்தபோது மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். பவர்டேபிள், செக்கிங், கைமடி வேலைகள் நடக்கும் கம்பெனிகளில் தறி அளவுக்குச் சத்தம் இல்லாததால் ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. ஐம்பது வயது டெய்லருக்கும் பதினெட்டு வயது ஹெல்பருக்கும் ஒரே ஸ்பீக்கர் என்பதால் அங்கே கலவையான தொகுப்பே செல்லுபடியானது. பிறகு பண்பலை நிலையங்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட எம்பி3 சிடியும், செல்போன் கடைகளில் பாட்டு ஏற்றித் தந்த மெமரி கார்டும் வந்தபின் வெட்டிக் குறைக்கும் வேலைக்கே அவசியம் இல்லாமல் போனது. ரெக்கார்டிங் சென்டர்கள் ரீசார்ஜ் கடைகளாகவும் செல்போன் பழுதுபார்க்கும் கடைகளாகவும் மாறின. இன்று தறிக்குடோன்களிலும் பனியன் கம்பெனிகளிலும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள்; போஜ்புரி, ஒடியா, தமிழ்ப் பாடல்களை அவரவர் செல்போனில் அவரவர் கேட்கிறார்கள்.