நோயின் தொடக்கநிலை: மன்னார்க் கரை உணர்த்தும் சொற்பொருள்

ஆங்கில மருத்துவ நூல்களில் வழங்கும் 'இன்சிப்பியன்ற்' என்னும் சொல், தொடங்குதல் எனும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. நோய் உடலிற் கால்கொண்டும் முழுவுருப் பெறாத நிலையை அது குறிக்கும். தமிழில் இதனை 'முற்குறி' என்றும் 'தொடக்கநிலை' என்றும் வேறுபாடின்றி எழுதுகின்றோம். இது பொருந்துமா என்பதை மன்னாரின் வரலாற்றோடு வைத்து நோக்குவாம்.

ஆயுர்வேத நூலோர் இவ்விரண்டையும் அன்றே பிரித்தறிந்தனர். நோய் வெளிப்படுமுன் தோன்றுங் குறி பூர்வரூபம். வெளிப்பட்ட நோயின் இலக்கணம் ரூபம். தொடக்கநிலை பின்னதன் முதற்படியேயாகும். மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு மருத்துவங் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், கலைச்சொற்களைத் தமிழிலும் வடமொழியிலுந் தேடினார். கிடையாவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இசைவித்தார். சொல் பிழைப்பின் சிகிச்சையும் பிழைக்கும் என்பதற்கு அவர் காலத்து வாந்திபேதியே சான்றாகும்.

கோப்பித் தோட்டங்களை நாடிய தென்னிந்தியத் தொழிலாளர் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். அவ்வழியில் வாந்திபேதியால் மாண்டோர் பலர். அக்கால ஐரோப்பிய மருத்துவர், நோய் கடுமையாகுமுன் காணும் இலேசான வயிற்றுப்போக்கை 'முன்னறிவிக்கும் பேதி' என்றனர். அப்பெயர், நோய் இன்னும் வரவில்லை என்ற எண்ணத்துக்கு இடந்தந்தது. ஆயின், 1884இல் றொபேட் கொக் வாந்திபேதிக் கிருமியை இனங்கண்டு அறிவித்த பின்னர் வளர்ந்த அறிவின்படி, அவ்விலேசான பேதியும் நோயேயாதல் கூடும். அதன்வழி நீர்நிலைகளிற் கிருமி பரவவுங் கூடும். அறிவிப்பு எனக் கொண்டது உண்மையிற் தொடக்கமாக இருந்தது.

இவ்வேறுபாடு இன்றும் பயனுடையது. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா 2012இன் பின் ஒழிந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, நகரங்களிலும் மலேரியாவைப் பரப்பவல்ல 'அனோபிலிஸ் ஸ்டீபென்சி' என்னும் நுளம்பு மன்னார்த் தீவிற் கண்டறியப்பட்டது. நுளம்பின் வருகை நாட்டுக்கு முற்குறி. அதற்கு வேண்டுவது தடுப்பு. வெளிநாட்டிலிருந்து மீண்டவனின் குருதியில் ஒட்டுண்ணியோடு எழுங் காய்ச்சல் தொடக்கநிலை. அதற்கு வேண்டுவது உடனடிச் சிகிச்சை.

ஆதலின், 'இன்சிப்பியன்ற்' என்பதற்குத் 'தொடக்கநிலை' என்பதே ஏற்ற சொல்லாகும். முற்குறியை நோயெனக் கொள்ளின் வீண் அச்சமே மிஞ்சும். நோயை முற்குறியெனக் கொள்ளின் உயிரே போகும்.