ரிச்சி தெருவிலிருந்து ரிஷிவந்தியத்துக்கு: பாகம் பாகமாக ஒரு கணினி

நம் தலைமுறையில் மாட்டு வண்டியை யாரும் கடையில் முழுதாக வாங்கி வந்ததில்லை. சக்கரத்துக்கு ஆசாரி, அச்சுக்கும் இரும்புப் பட்டாவுக்கும் கொல்லர், நுகத்தடிக்கு நல்ல மரம் வைத்திருப்பவர் என்று பாகம் பாகமாகத்தான் வண்டி சேர்ந்தது. கையில் இருக்கும் பணத்துக்கு எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது என்பது வீட்டுப் பெரியவருக்குத் தெரிந்திருக்கும். அச்சில் மிச்சம் பிடித்தவன் பாதி வழியில் நிற்பான்.

இன்றைய பிள்ளைகள் விளையாட்டுக் கணினி சேர்ப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். என் பேரன் பொருட்டு இந்த விஷயத்தைச் சில மாதங்கள் படித்தேன். படிக்கப் படிக்க, இதற்குப் பின்னால் 50 ஆண்டு வரலாறு இருப்பது தெரிந்தது. நம் வயதுக்காரர்கள் பலருக்கும் பேரப்பிள்ளைகள் இதே கோரிக்கையோடு வந்து நிற்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் முதலில் ஒரு சொல். பிரெஞ்சில் கணினிக்கு 'ஒர்தினாத்தர்' என்று பெயர். 1955-இல் பிரான்சின் ஐபிஎம் நிறுவனம் தன் புது இயந்திரத்துக்குப் பெயர் கேட்டபோது, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் கொடுத்த சொல் அது. உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனுக்குப் பழைய அகராதியில் இருந்த அடைமொழியை எடுத்து இயந்திரத்துக்குச் சூட்டினார். கணக்குப் போடுவது என்று ஆங்கிலேயர் நினைத்ததை, ஒழுங்கு செய்வது என்று பிரெஞ்சுக்காரர் நினைத்தார்கள். கோப்புகளோடு காலம் தள்ளிய என் போன்ற எழுத்தருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அதே பிரான்சில்தான் மலிவான சிறு கணினியின் கதையும் தொடங்குகிறது, அதுவும் விவசாயத்துக்காக. 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, பயிரிலிருந்தும் மண்ணிலிருந்தும் எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று அளந்து கணக்கிட ஒரு கணினி தேவைப்பட்டது. அமெரிக்க இயந்திரம் வாங்கப் பணம் போதவில்லை. பிரான்சுவா ழெர்னெல் என்ற பொறியாளர், இன்டெல் 8008 என்ற சில்லை வைத்து 'மிக்ரால்' என்ற சிறு கணினியைச் செய்தார். 1973-இல் அதன் விலை 8,500 பிராங்க். நுண்செயலியை வைத்துச் செய்து விற்பனைக்கு வந்த முதல் கணினிகளில் ஒன்று அது. பட்ஜெட் இடித்ததால் பிறந்த இயந்திரம் என்றே சொல்லலாம்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கும் வழக்கத்துக்கு வழி திறந்தது 1981 ஆகஸ்ட் 12. அன்றுதான் ஐபிஎம் தன் 'பெர்சனல் கம்ப்யூட்டரை' வெளியிட்டது. அவசரமாகச் செய்ய வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் தானே தயாரிக்காமல், செயலியை இன்டெலிடமிருந்தும் இயக்க மென்பொருளை மைக்ரோசாஃப்டிடமிருந்தும் வாங்கிச் சேர்த்தது. மின்சுற்று வரைபடத்தையும் புத்தகமாக அச்சிட்டு விற்றது. பயாஸ் என்ற ஒரு சிறு நிரல் மட்டும் அதன் காப்புரிமையில் இருந்தது. காம்பாக் நிறுவனம் அதையும் சட்டப்படியே தாண்டியது. ஒரு குழு அந்த நிரல் என்னென்ன செய்கிறது என்று குறிப்பு எழுதியது. மூல நிரலைப் பார்க்காத இன்னொரு குழு, குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. அலுவலக மொழியில் சொன்னால், பழைய ஆணையை நகல் எடுக்காமல் அதன் சாரத்தைக் கேட்டுப் புது ஆணை வரைவது போல. அதன்பின் தைவான் கம்பெனிகள் தாய்ப்பலகையை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளின. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவு வந்தபின், யாருடைய பலகையும் யாருடைய பெட்டியிலும் பொருந்தியது. நம் ஆசாரி செய்த சக்கரம் அடுத்த ஊர் வண்டிக்கும் பொருந்துவது போல.

நம் நாட்டில் அப்போது நிலைமை வேறு. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நிபந்தனைக்கு உடன்படாமல் ஐபிஎம் 1978-இல் வெளியேறியிருந்தது. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், சுங்கமும் கடுமை. 1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை கதவைக் கொஞ்சம் திறந்தது. சென்னையில் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் 'சிவா பிசி' என்ற பெயரில் மற்றவர்களைவிடக் குறைந்த விலையில் விற்றது இங்கே பலருக்கு நினைவிருக்கலாம். உண்மையான மாற்றம் 1997-இல். தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்குச் சுங்கவரி நீக்கும் உலக ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்து, 2005-க்குள் படிப்படியாக வரியைக் குறைத்தது.

அந்த ஆண்டுகளில்தான் ரிச்சி தெரு பெரிதானது. அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் உள்ள சிறிய தெரு. முதலில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பாகங்கள் விற்ற இடம். பக்கத்து மீரான் சாகிப் தெரு சினிமா விநியோகஸ்தர்களுக்குப் பேர் போனது. நரசிங்கபுரம் தெருவில் ஒலிபெருக்கிச் சாமான்கள். வால்வு ரேடியோவுக்குப் பாகம் விற்ற கடைக்காரரின் பிள்ளைகள் ராம், ஹார்ட் டிஸ்க் விற்கத் தொடங்கினார்கள். டெல்லியின் நேரு பிளேசுக்கு அடுத்த பெரிய சந்தை என்று பெயர் வாங்கியது. 'அசெம்பிள்டு' என்ற சொல்லைத் தமிழ்நாடு கற்றுக்கொண்டது அங்கேதான். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருக்கோவிலூரில் இருந்த டிடிபி கடைகளும் நெட் சென்டர்களும் பெரும்பாலும் அந்தத் தெருப் பெட்டிகளில்தான் ஓடின.

இதில் விளையாட்டு எங்கே வந்தது? 1993 டிசம்பரில் 'டூம்' என்ற விளையாட்டு வந்தபோது படம் வரையும் வேலையையும் செயலியே செய்தது. இன்றைய சாதாரணத் திரையில் 1,920-க்கு 1,080 என்று 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை ஒவ்வொன்றுக்கும் நிறம் கணக்கிட வேண்டும். ஒரு தலைமை எழுத்தர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாளாக ஒரு காணி நடவு நட முடியுமா? நூறு பேர் வரிசையாக இறங்க வேண்டும். அந்த நூறு பேர்தான் கிராஃபிக்ஸ் கார்டு. 1996-இல் 'வூடூ' கார்டு வந்தது. 1999-இல் என்விடியாவின் 'ஜிஃபோர்ஸ் 256'. அதிலிருந்து விளையாட்டுக் கணினியின் விலையில் பெரும்பங்கு அந்த ஒரு அட்டைக்கே போயிற்று.

இனி வீட்டுக் கணக்கு. பேரனுக்கு அரசு கொடுத்த மடிக்கணினித் திட்டக் காலம் வாய்க்கவில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் முதல்முறையாகக் கணினியைத் தொட்டார்கள். மருமகன் கரும்புப் பணத்தில் ரூ.40,000 தந்தார், என் ஓய்வூதியத்திலிருந்து ரூ.10,000. மறுமுறை கேட்க முடியாத பணம். "விளையாடத்தானே கேக்குறான், அதுக்கு இவ்வளவா?" என்றாள் என் மனைவி. பேரனோ, "தாத்தா, இதுலயே படம் வரையவும் புரோகிராம் எழுதவும் கத்துப்பேன்" என்றான். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 2024-இல் தியாகதுருகத்தில் பேருந்து ஏறிச் சென்னைக்குப் போனோம்.

கடைகளில் எல்லாரும் முதலில் காட்டியது வண்ண விளக்கு மின்னும் கேபினெட்டை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதை ஒதுக்கினோம். வழக்கமான யோசனை, மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்பது. திரை, யுபிஎஸ் எல்லாம் சேர்த்து ரூ.50,000 என்றால் கார்டு ஒன்றும் அரையும்குறையுமாகத்தான் கிடைக்கும். ஆகவே, இப்போதைக்குக் கார்டு வேண்டாம் என்று முடிவு. படம் வரையும் பகுதி உள்ளேயே இருக்கும் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி செயலியை எடுத்தோம். அது பொருந்தும் ஏஎம்4 பலகை 2016 முதல் இருப்பது. பலகையும் மலிவு, பாகமும் எளிதில் கிடைக்கும்.

ராம் 16 ஜிபி, ஆனால் ஒரே குச்சியாக வாங்காமல் எட்டெட்டாக இரண்டு. உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பகிர்ந்துகொள்ளும். இரண்டு குச்சி என்றால் இரண்டு வாய்க்காலில் தண்ணீர் பாயும். காசு அதிகம் ஆகாமல் விளையாட்டு வேகம் கூடும் இடம் இது. கடைக்காரர்கள் தாங்களாகச் சொல்வதில்லை, நாம் கேட்க வேண்டும்.

சிக்கனம் பிடிக்காத இடம் எஸ்எம்பிஎஸ். கணினியின் அச்சாணி அதுதான். மலிவுப் பெட்டியின் மேல் 450 வாட் என்று ஒட்டியிருக்கும். உண்மையில் அவ்வளவு தராது, போகும்போது பலகையையும் சேர்த்துக் கொண்டு போகும். நம்மூர் மின்சாரம் எப்படி ஏறி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. '80 பிளஸ்' சான்று உள்ளதாக, பின்னால் கார்டு சேர்த்தாலும் தாங்கும் அளவில் வாங்கினோம். பில் இல்லாமல் வாங்கினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சம் என்று ஒருவர் ஆசை காட்டினார். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை. எழுத்தர் வேலை பார்த்தவனிடம் ரசீது வேண்டாம் என்று சொன்னால் நடக்குமா? எல்லாம் சேர்த்து ரூ.46,000 சொச்சம். மீதி கார்டுக்கென்று அஞ்சலகக் கணக்கில் போட்டோம்.

கார்டைத் தள்ளிப் போட்டதற்கு வரலாறும் ஒரு காரணம். 2020 முதல் 2022 வரை கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளியதால் விலை இரண்டு மடங்குக்கும் மேல் போனது. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன. பழைய கார்டு வாங்குகிறவர்கள் அது எங்கே உழைத்தது என்று விசாரிக்க வேண்டும். மாடு வாங்கும்போது பல் பிடித்துப் பார்ப்பதில்லையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012-இல் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, படங்களை அடையாளம் காணும் ஒரு செயற்கை மூளையைப் பயிற்றுவித்தார். அதற்கு அவர் பயன்படுத்தியவை இரண்டு விளையாட்டுக் கார்டுகள், ஜிடிஎக்ஸ் 580. இன்று பேசப்படும் செயற்கை நுண்ணறிவு அலை அங்கே எழுந்தது. பிள்ளைகளின் விளையாட்டுக் காசில் வளர்ந்த அட்டை, அறிவியலையே திருப்பியது. "விளையாடத்தானே" என்று நாம் சொல்லும்போது இதையும் நினைக்க வேண்டும்.

இப்போது அதே அலை திரும்பி வந்து பிள்ளைகளின் மேலேயே விழுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை கடுமையாக ஏறியது. சில்லறையில் ஏறக்குறைய 30 ஆண்டு விற்ற 'க்ரூசியல்' பெயரை நிறுத்தப் போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர் வந்தால் சின்ன வாடிக்கையாளர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார். ரேஷன் கடை முதல் உலகச் சந்தை வரை அதுதான் வழக்கம்.

ஆகவே, பேரப்பிள்ளைக்கு இந்த ஆண்டு கணினி சேர்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பலகையும் எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லதாக வாங்குங்கள். ராம் 8 ஜிபியில் தொடங்கி, ஒரு இடத்தைக் காலியாக விடுங்கள். விலை இறங்கினால் இன்னொரு குச்சி செருகலாம். மூடி ஒட்டிய பல மடிக்கணினிகளில் அதற்கு வழியில்லை. பாகம் பாகமாகச் சேர்த்ததில்தான் உண்டு. ஸ்குரூ டிரைவரைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பில்களைக் கோப்பில் கட்டி வையுங்கள்.