மெத்தை போகும் இடம்

வெள்ளவத்தையில் கடலுக்கு அணித்தான ஒரு தொடர்மாடியில், நான்காம் மாடியில், என் சகோதரியின் மகள் குடியிருக்கிறாள். அண்மையில் சில நாட்கள் அங்கே தங்க நேர்ந்தது. புதிய மெத்தை ஒன்று வந்திறங்கியதால் பழையதை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. சுருட்ட முடியாத கம்பிச்சுருள் மெத்தை. மாநகர சபையின் வண்டி அதனை ஏற்காது. படிக்கட்டின் கீழ் வைத்தால் அயலவர் முறைப்பாடு செய்வர். கடைசியில் வாயிற்காவலாளியே வழி சொன்னார்.

"இரவைக்கு மதிலோட சாத்தி விடுங்கோ ஐயா. விடியப் போயிடும்."

போயிடும்! எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நாற்பது குடும்பங்கள் வாழும் அக்கட்டடத்தில் எவருக்குமே தெரிந்திருக்காது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் அந்த 'எங்கே' என்பதற்கு ஓரளவு பதில் எனக்குத் தெரியும். அதனைத் துண்டு துண்டாக, வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு செய்திகளாகவே எழுதியிருக்கிறேன். ஒன்றாக வைத்துப் பார்த்தது இப்போதுதான்.

எங்கள் ஊர் வளவுகளில் இக்கேள்வி எழுந்ததில்லை. வேலியோரம் ஒரு கிடங்கு இருக்கும். அதில் விழுவதெல்லாம் உக்கி, அடுத்த மாரிக்குப் பயிருக்கு எருவாகும். குப்பை என்ற சொல்லை எங்கள் கமக்காரர் பசளை என்ற பொருளில்தான் அதிகம் வழங்கினர். வண்டில் கணக்கில் விலை பேசி வாங்கினர். கிடங்கு வெட்ட ஒரு முழ நிலமும் இல்லாத வாழ்க்கைதான் தொடர்மாடி வாழ்க்கை. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க தொடர்மாடி உடைமைச் சட்டம் வீட்டை அந்தரத்தில் ஒருவருக்கு உரித்தாக்கியது. படிக்கட்டையும் கூரையையும் நிலத்தையும் எல்லோருக்கும் பொதுவாக்கியது. எல்லோருக்கும் பொதுவான இடத்தில் கிடக்கும் பழைய மெத்தை எவருக்கும் உரியதல்ல.

கொழும்பு மாநகர சபை 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் உருவானது. நகரங்களின் மலமும் குப்பையும் அள்ளும் வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் அழைத்து வரப்பட்டனர். கண்டி மஹியாவையில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். தலைமுறைகள் கடந்தும் அத்தொழிலின் பெயராலேயே பிறர் அவர்களை அடையாளம் காண்கிறார்கள் என்பது தனியாக எழுதவேண்டிய கதை.

எனது நிருபர் வாழ்வில் கொழும்பின் குப்பை என்றால் முதலில் புளூமெண்டல்தான். கொட்டாஞ்சேனைக்கு அருகே, வறிய தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் அம்மலை வளர்ந்தது. நீதிமன்றம் தலையிட்ட பின்னர் 2009 இல் அது மூடப்பட்டது. ஆனால் மூடிய மறுநாளும் நகரம் குப்பை போட்டது. ஆதலால் கொலன்னாவையில் உள்ள மீதொட்டமுல்ல தெரிவானது. ஏற்கெனவே உள்ளூர்க் குப்பை கொட்டப்பட்டுவந்த சதுப்பு நிலம் அது. தற்காலிகமாக என்றுதான் சொன்னார்கள். இந்நாட்டில் 'தற்காலிகம்' என்ற சொல்லைக் கேட்டால் அவ்வூர்க்காரர் அஞ்ச வேண்டும் என்பது என் அனுபவம்.

2017 ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு; அவ்வாண்டு பெரிய வெள்ளியும் அன்றுதான். மக்கள் வீடுகளில் இருந்த பிற்பகல் வேளையில் மலை சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். பல வீடுகள் மண்ணுக்குள் அல்ல, நகரம் ஆண்டுக்கணக்கில் கழித்து விட்டவற்றுக்குள் புதைந்தன. அன்றிரவு வந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது நினைவிருக்கிறது. ஒரு படத்தில் இடிந்த சுவருக்கு மேலே கிழிந்த மெத்தை ஒன்று தொங்கியது. அது அவ்வீட்டாருடையதா, மலையோடு வந்ததா என்று சொல்ல முடியவில்லை. வீடிழந்தவர்களில் சிலருக்குப் பின்னர் அரசாங்கம் தொடர்மாடிகளில் வீடு கொடுத்தது. அவர்களும் இப்போது தங்கள் குப்பையைப் பையில் கட்டிக் கீழே வைக்கிறார்கள்.

குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்ற விதி அந்த அனர்த்தத்துக்கு முன்னரே வந்துவிட்டது. 2016 நவம்பர் 1 முதல் உக்கக்கூடியதையும் உக்காததையும் வேறாக்கிக் கொடுத்தால்தான் உள்ளூராட்சி மன்றங்கள் ஏற்கும் என்றார்கள். நல்ல விதிதான். மெத்தை இதில் எந்த வகை? தும்பு, பஞ்சு, இரப்பர், இரும்புச் சுருள், துணி எல்லாம் சேர்ந்த ஒன்று அது. பழைய குளிரூட்டியும், சித்திரம் மங்கிய தொலைக்காட்சிப் பெட்டியும், இரசம் கொண்ட மின்குமிழும் அப்படித்தான்.

மீதொட்டமுல்லவுக்குப் பின்னர் எல்லோரும் புத்தளத்தைச் சுட்டினர். கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீற்றருக்கு அப்பால், வனாத்தவில்லுப் பக்கம், வில்பத்துக் காட்டின் அயலில் உள்ள அருவக்காடு. புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பெருங்கிடங்குகள் அங்கே உள்ளன. தலைநகரின் தொடர்மாடிகளுக்குச் சீமெந்து தந்த நிலம் அது. கட்டி முடித்த மாடிகளின் குப்பையை அதே கிடங்கில் இடத் திட்டமிட்டனர். இதனைத் தீட்டியவர் எவரும் இதிலுள்ள எள்ளலைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 2018 இன் பிற்பகுதியில் புத்தளம் நகரின் கொழும்பு முகத்திடலில் மக்கள் மாதக்கணக்கில் அமர்ந்து போராடினார்கள். அனல்மின் நிலையத்தின் தூசும் சீமெந்துத் தூசும் எமக்குப் போதும் என்றார்கள். 2019 ஓகஸ்டில் முதலாவது குப்பை போயிற்று. புகையிரதத்தில் என்று சொல்லியிருந்தார்கள், போனது லொறியில்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்த மாவட்டமும் புத்தளம்தான். ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையைக் கழித்தவர்கள் அவர்கள்.

இங்கிருந்து எனது ஊர்ப் பக்கம் திரும்புகிறேன். வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் போனால் நெளுக்குளம் தாண்டி, 10 கிலோமீற்றர் அளவில் பம்பைமடு வரும். இன்று அங்கே வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வளாகமாக இருந்து 2021 இல் பல்கலைக்கழகமானது. இன்னும் சற்றுத் தூரம் போனால் பூவரசங்குளம், என் தாயார் பிறந்த ஊர். 2009 இல் இவ்வழியால்தான் மக்களை ஏற்றிய பேருந்துகள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமை நோக்கிப் போயின. அவ்வாண்டுகளில் இவ்வீதியில் நான் எழுதவும் எழுதாமல் விடவும் நிறைய இருந்தது.

இப்போது மாநகர சபையாகிவிட்ட வவுனியாவின் அன்றைய நகர சபை தன் குப்பையைக் கொண்டுவந்து கொட்டிய இடம் இதே பம்பைமடு. அதன் அயற்கிராமம் சாளம்பைக்குளம். 1990 இல் ஊரை விட்டகன்று, போர் முடிந்த பின்னரே திரும்பிவந்த முஸ்லிம் மக்களின் கிராமம். காடேறிய வளவுகளைத் துப்புரவாக்கிக் கிணறுகளை இறைத்துக் குடியேறியவர்களுக்கு, காற்று மாறும்போது நகரத்தின் நாற்றம் வந்தது. ஈயும், தெருநாயும், குப்பை எரிந்த புகையும் வந்தன. 2019 இல் அவர்கள் வீதிக்கு வந்து குப்பை வண்டிகளை மறித்தார்கள். இதனை எழுதும்போது தமிழனான என் பேனா சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. அவர்களை அனுப்பியபோது நாங்கள் பெரும்பாலும் மௌனமாக இருந்தோம். அவர்கள் திரும்பியபோது நகரத்தின் கழிவு அவர்களது வாசலில் இருந்தது. இரண்டையும் ஒருவரே செய்யவில்லை என்பது உண்மை. ஆயினும் இரண்டுக்கும் இடம் தெரிவான விதம் ஒன்றுதான்: மறுத்துச் சொல்ல எவரும் அங்கே இருக்கவில்லை, அல்லது இருந்தவர் பேச்சு எடுபடவில்லை.

இதே வீதியைப் பற்றி வேறொரு நினைவும் உண்டு. 1999 இறுதியில் ஓமந்தைப் பாதை அடைபட்ட பின்னர், 2002 இல் ஏ-9 வீதி திறக்கும் வரையில், வன்னிக்குள் போகும் வாசல் பூவரசங்குளத்துக்கு அப்பால் பிரமனாலங்குளத்தில் இருந்தது. சாக்குப் பைகளைத் தரையில் கொட்டிப் பார்ப்பார்கள். தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீளமானது: எரிபொருள், சீமெந்து, உரம், மின்கலம். மின்கலத்தை எங்கள் பேச்சில் பற்றரி என்போம். ஒருமுறை எனது ஒலிப்பதிவுக் கருவிக்குள் இருந்த இரண்டு பற்றரிகளை அங்கே கழற்றிக் கொடுத்துவிட்டு, செய்திகளைக் கையால் எழுதிக்கொண்டு திரும்பினேன்.

வன்னிக்குள் அப்போது எறிவதற்கென்று எதுவும் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்காயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடிற்று. மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அதற்கு முன்னரே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகிப் பழகியிருந்தன. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, அடியில் துளையிட்டு உப்புநீர் ஊற்றி, இரவுச் செய்தி கேட்கும் அளவுக்கு உயிர் வாங்கினார்கள். அதுவும் முடிந்தபின் உடைத்து, உள்ளிருந்த கரியை இலைச்சாற்றோடு அரைத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசினார்கள்.

புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர் இவற்றை மீள்சுழற்சியின் முன்னோடி என்று புகழ்ந்து எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அது தடையின் கீழ் வாழ்ந்த மக்களின் கெட்டித்தனம். எவரும் தாமாகத் தெரிந்தெடுத்த வாழ்வல்ல. பற்றரிக் கரியைக் கையால் பிசைந்த பிள்ளைகளின் விரல்களில் மங்கனீசு ஒட்டியிருந்தது; பழைய மின்கலங்களில் இரசமும் ஈயமும் கட்மியமும் கூடச் சிறு அளவில் இருந்தன. எமக்கு அது தெரியாது. போருக்குப் பின்னர் பழைய இரும்பு பொறுக்கப் போய் வெடிக்காத குண்டில் கை வைத்தவர்களின் செய்திகளையும் இதே பேனாவால்தான் எழுதினேன். நஞ்சையும் இரும்பையும் பிரித்தெடுக்கும் வேலை கடைசியில் வந்து சேர்வது எப்போதும் வெறுங்கைகளிடம்தான்.

நஞ்சுக் கழிவுக்கு நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 2008 இன் சுற்றாடல் ஒழுங்குவிதிகள் 'அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு' என்று பட்டியலிட்டு, அவற்றை உண்டாக்கவும் சேகரிக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கின்றன. தொழிற்சாலையைக் கண்முன் வைத்து எழுதப்பட்டவை அவை. ஒரு வீட்டு அலுமாரியில் கிடக்கும் ஏழு பற்றரிகளை அவை காணா.

உலகச் சட்டம் பிறந்ததும் ஒரு குப்பைக் கதையால்தான். 1986 இல் கியான் சீ என்ற கப்பல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குப்பை எரித்த சாம்பல் சுமார் 14,000 தொன்னுடன் புறப்பட்டது. ஒரு பகுதியை எயிட்டியின் கரையில் கொட்டியது. மிச்சத்தை இறக்க நாடு நாடாக அலைந்தது. இலங்கையும் அப்பட்டியலில் உண்டு. பெயரை இரண்டு முறை மாற்றிக்கொண்டு, இறுதியில் வெறுங்கப்பலாய் நின்றது. சாம்பல் கடலில். இத்தகைய விவகாரங்களின் பின்னரே 1989 இல் பாசல் சமவாயம் கைச்சாத்தாகியது. 1992 இல் இலங்கை அதில் இணைந்தது.

அச்சமவாயம் எமக்குக் கைகொடுத்த நாளும் வந்தது. 2017 க்கும் 2019 க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு 263 கொள்கலன்கள் வந்தன. ஏறத்தாழ 3,000 தொன். பாவித்த மெத்தைகள், கம்பளங்கள், விரிப்புகள் என்று கடதாசியில் இருந்தது, மீள்சுழற்சிக்காம். நாற்றம் வெளிவந்து 2019 இல் சுங்கத்தினர் திறந்து பார்த்தபோது மருத்துவக் கழிவும் உள்ளே இருப்பதாகச் சொன்னார்கள். சுற்றாடல் நீதிக்கான நிலையம் என்ற அமைப்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் திருப்பியனுப்பப் பணித்தது. 2020 செப்டெம்பரில் 21 கொள்கலன்கள் கப்பலேறின. 2022 பெப்ரவரியில் எஞ்சிய 45 உம் போயின. எவரோ ஓர் ஆங்கிலேயர் தன் வாசலில் சாத்திவைத்த மெத்தை, 'போயிடும்' என்று போய், கொழும்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிற்று.

துறைமுகத்துக்கு ஒரு வாசலும், மறுப்பதற்கு ஒரு சமவாயமும் இருந்தன. பம்பைமடுவுக்குப் போகும் வீதியில் அப்படி எதுவும் இல்லை.

வெள்ளவத்தை மெத்தை இரவோடிரவாகப் போகவில்லை. விடிய எழுந்து மாடத்திலிருந்து பார்த்தபோது, மெலிந்த மனிதர் ஒருவர் தள்ளுவண்டியை நிறுத்தி, கத்தியால் துணியைக் கீறி, கம்பிச்சுருள்களை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தார். தும்பையும் பஞ்சையும் கரையோரப் புகையிரதப் பாதைப் பக்கம் இழுத்துச் சென்று போட்டுவிட்டு வந்தார். "மாமா, அங்க என்ன பாக்கிறியள்?" என்று மருமகள் கேட்டாள்.

பூவரசங்குளத்தில் சின்னம்மா தனியே இருக்கிறா. அண்மையில் போனபோது ஒரு பழைய பால்மாத் தகரத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தா. திறந்தால் உள்ளே நிறையப் பற்றரிகள். துருவேறியவை, கசிந்தவை, இன்று கடையில் நூறு ரூபாவுக்கும் வாங்கத் தகாதவை. "தம்பி, எறிய மனம் வரேல்ல. கிணத்தடியில தாக்கவும் பயமாயிருக்கு. கொழும்பில எங்கையன் குடுக்கலாமோ?" என்றா.

கொண்டுவந்தேன். அவ்வீதியால் பற்றரி கொண்டுவரும்போது இம்முறை எவரும் மறிக்கவில்லை. தகரம் இப்போது எனது எழுதுமேசையின் கீழே இருக்கிறது.