சட்டத்தின் விலையும் பெயரின் விலையும்

வட இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே அமைந்த பெல்லுனோ மாகாணம், உலகின் விலையுயர்ந்த மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் பலவற்றுக்குப் பிறப்பிடமாகும். இம்மாகாணத்தின் கடோரே பள்ளத்தாக்கிலிருந்து ஊர் ஊராகச் சென்று சிறுபொருள் விற்றுவந்த ஆஞ்செலோ ஃப்ரெஸ்கூரா, 1878ஆம் ஆண்டில் கலால்ட்சோ என்னும் சிற்றூரில், ஓடைநீரின் விசையைப் பயன்படுத்திக் கண்ணாடிச் சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அத்தொழிலின் வழியில் 1934இல் குலியெல்மோ தபாக்கி சஃபிலோ நிறுவனத்தைத் தொடங்க, மிலான் நகரின் அனாதை இல்லத்தில் வளர்ந்து கருவிப் பட்டறையில் வேலை பழகிய லெயோனார்தோ தெல் வெக்கியோ, தொழில் தொடங்குவோருக்கு நிலம் அளிக்க முன்வந்த அகோர்தோ என்னும் மலையூரில் 1961இல் லக்ஸோட்டிகாவை நிறுவினார்.

இவ்வூர்களின் கைத்திறன் மெய்யானது. பருத்தி அல்லது மரக்கூழிலிருந்து பெறப்படும் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளின் தகட்டிலிருந்து சட்டத்தை வெட்டி, மரத்துண்டுகள் நிரம்பிய உருளைகளில் நாட்கணக்கில் உருட்டி மெருகேற்றி, கீல்களைப் பொருத்தி, இறுதியில் கையால் துடைத்து ஒளியேற்றுகின்றனர். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து எடுக்கும் மலிவுச் சட்டத்திற்கு இத்தனை படிகள் இல்லை. ஆயினும் கடையில் கேட்கும் விலையை இவ்வேறுபாடு மட்டும் விளக்கிவிடாது.

விலையின் பெரும்பங்கு பெயரைச் சார்ந்தது. ஆடை வடிவமைப்பு நிறுவனமொன்று தன் பெயரைச் சட்டத்தில் பொறிக்க உற்பத்தியாளருக்கு இசைவளித்து, விற்பனையில் ஒரு பங்கைப் பெறும் ஏற்பாடு உரிம ஒப்பந்தம் எனப்படும். 1988இல் ஜார்ஜியோ அர்மானியுடன் இத்தகைய ஒப்பந்தம் செய்துகொண்ட லக்ஸோட்டிகா, 1995இல் லென்ஸ்கிராஃப்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கடைத்தொடரையும் 1999இல் ரே-பான் என்னும் கண்ணாடி வணிகப்பெயரையும் வாங்கியது. மலிவுக் கடைகளிலும் கிடைத்துவந்த ரே-பானை அங்கிருந்து விலக்கி, தரத்துடன் விலையையும் உயர்த்தியது. 2018இல் பிரான்சின் எசிலோர் என்னும் லென்ஸ் நிறுவனத்துடன் அது இணைந்தபோது சட்டம், பெயர், லென்ஸ், கடை ஆகிய நான்கும் ஒரே குடையின்கீழ் வந்தன.

பெயரின் மதிப்பை அளந்து காட்டும் நிகழ்வு ஒன்றும் உண்டு. குச்சி (Gucci) என்னும் ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் உரிமையாளரான கெரிங் குழுமம், சஃபிலோவுடனான ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே முடித்துக்கொண்டு சட்டத் தொழிலைத் தானே நடத்துவதற்காக, 9 கோடி யூரோ இழப்பீடு தர இசைந்தது. சட்டம் செய்யும் திறன் சஃபிலோவிடமே இருந்தது. கெரிங் மீட்டுக்கொண்டது பெயரை விற்கும் உரிமையை.

எனவே நல்ல அசிடேட்டுக்கும் உறுதியான கீலுக்கும் மூக்கில் அழுத்தாமல் அமரும் வடிவத்திற்கும் கூடுதல் விலை தருவது தகும்; அவை ஆண்டுக்கணக்கில் பயன் தருவன. காதுத்தண்டில் பொறித்த பெயருக்குத் தரும் பணமோ பார்வையைச் சிறிதும் கூர்மையாக்குவதில்லை. பார்வையைத் திருத்துவது லென்ஸ். அதற்கான பணத்தை ஒதுக்கிவைத்த பின்னரே சட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நலம்.