எஞ்சினை மாற்றுவதா, காற்றைக் கூட்டுவதா?

லாசாலில் நான் வேலை செய்யும் உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவும் தம்பியிடம் 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஒன்று இருக்கிறது. ஓடிய தூரம் 280,000 கிலோமீற்றர். 14 மாதங்களாக மிச்சம்பிடித்து 4,000 டொலர் சேர்த்திருந்தான். ஒருநாள் இரவு, குப்பைப் பைகளை வெளியே வைத்துவிட்டு நின்றபோது கேட்டான்:

"அண்ணை, நீங்கள் எஞ்சினியரிங் படிச்சனீங்கள்தானே? எஞ்சினை மாத்துறதோ, ரேர்போ பூட்டுறதோ, எது நல்லம்?"

பேராதனையில் 2008இல் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன படிப்பு என்னுடையது. ஆனால் இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது பல்கலைக்கழகத்தில் அல்ல. யாழ்ப்பாணத்தில் என் மாமாவின் வளவில். அவனுக்கு அன்றிரவு சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

மாமாவிடம் இருந்தது 1954ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். மைனரின் வரலாறே எஞ்சின் மாற்றங்களின் வரலாறு. அலெக் இஸிகோனிஸ் அதை வடிவமைத்தபோது அதற்கென்று ஒரு புது எஞ்சினை மனதில் வைத்திருந்தார். அது கைகூடவில்லை. 1948இல் கார் வெளிவந்தபோது முந்திய மொறிஸ் எட்டின் 918 சி.சி. எஞ்சினைத்தான் சுமந்து வந்தது. 1952இல் மொறிஸும் அதன் பரம வைரியான ஓஸ்ரினும் ஒரே கொம்பனியாயின. உடனே மைனருக்குள் ஓஸ்ரினின் 803 சி.சி. எஞ்சின் புகுந்தது. பிறகு அதே குடும்பத்து எஞ்சின் 1956இல் 948 ஆகவும் 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. உள்ளே இருந்தது மாறிக்கொண்டே இருந்தது.

காற்றைக் கூட்டும் வழியும் அப்போதே இருந்தது. எஞ்சினின் பலம் அது மூச்சிழுக்கும் காற்றின் அளவில் தங்கியிருக்கிறது. காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம். எரிபொருள் கூடினால் வலு கூடும். ஷொறொக் என்ற ஆங்கிலக் கொம்பனி மைனருக்குப் பூட்டவென்று சுப்பர்சாஜர் விற்றது. அது எஞ்சினின் வலுவில் கொஞ்சத்தை எடுத்தே காற்றை அமுக்கும். ரேர்போ அதைவிடச் சிக்கனமானது. வீணாகப் போகும் புகையால் ஒரு சில்லைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றச் சில்லால் காற்றை உள்ளே தள்ளும். சுவிஸ் பொறியியலாளர் அல்பிரெட் பூஹி 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் இது கப்பல்களின் டீசல் எஞ்சின்களுக்குப் போயிற்று. விற்பனைக் கார்களுக்கு வந்தது 1962இல், அமெரிக்காவில்.

அந்த முதற் கார்களில் ஒன்றான ஓல்ட்ஸ்மொபீல் ஜெற்ஃபயர் சந்தித்த இடைஞ்சல், இந்த விடயத்தின் மூலமுடிச்சு. சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் அளவுக்கு மீறி அமுக்கப்பட்டால், பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேருமுன்னரே மீதிக் கலவை தானாக வெடிக்கும். எங்கள் மெக்கானிக்குகள் 'நொக் அடிக்குது' என்பது இதைத்தான். தொடர்ந்தால் பிஸ்ரன் உடையும். ஜெற்ஃபயரின் அமுக்க விகிதம் ஏற்கெனவே 10.25. அதற்கு மேல் ரேர்போ. ஆகவே நொக்கைத் தடுக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்தை ஒரு தாங்கியில் நிரப்பி வைக்கவேண்டும். பலர் நிரப்ப மறந்தார்கள். இரண்டே வருடத்தில் அந்தக் கார் நின்றுபோயிற்று.

மைனர் எஞ்சினின் குடும்பத்துக்கும் ரேர்போ கடைசியில் வந்து சேர்ந்தது. 1982இல் வந்த எம்.ஜி. மெற்றோ ரேர்போவில் இருந்தது அதே வம்சத்து 1275 சி.சி. எஞ்சின். 72 குதிரை வலு 93 ஆகியது. இன்னும் கூட்டியிருக்கலாம், கியர்பெட்டி தாங்காது என்று நிறுத்திக்கொண்டார்கள்.

மாமா தெரிந்தெடுத்தது மற்ற வழியை. 1988 அளவில், 803 எஞ்சினைக் கழற்றிவிட்டு டற்சன் 1200இன் எஞ்சினைப் பூட்டினார். 30 குதிரை வலு இருந்த இடத்தில் அதன் இரண்டு மடங்குக்கு மேல். ஜப்பான் எஞ்சினை ஆங்கிலக் காருக்குள் வைத்துவிட்டார் என்று ஊரில் பகிடி பண்ணினார்களாம். ஆனால் அது முழுக்க அந்நியமும் அல்ல. நிசான் கொம்பனி 1952இல் ஓஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த அதே ஏ-40 காரை ஜப்பானில் பூட்டிப் பழகியது. அதன்பின் வந்த ஓஸ்ரின் 1500 எஞ்சினின் பிஸ்ரன் ஓடும் தூரத்தைக் குறைத்து, டொனால்ட் ஸ்ரோன் என்ற அமெரிக்கரின் யோசனைப்படி, 988 சி.சி. எஞ்சினைச் செய்தது. 1957இன் டற்சனில் ஓடியது அதுதான். டற்சன்காரர் தொழில் பழகியது ஓஸ்ரினிடம்.

மாமாவின் சந்தோசம் இரண்டு வருடம் நிலைத்தது. 1990 ஆனியில் மீண்டும் யுத்தம். பொருளாதாரத் தடை. பெற்றோல் வடக்குக்கு வருவது நின்றது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் கார்பரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளில் நானும் ஒருவன். அந்த மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது.

மண்ணெண்ணெய் பெற்றோலைவிட மிக இலகுவாக நொக் அடிக்கும். பழைய 803இன் அமுக்க விகிதம் 7.2, அது இருமிக்கொண்டாவது ஓடும். டற்சனின் விகிதம் 9. மேடு வந்தால் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம். நல்லகாலம், மாமா பழைய எஞ்சினை எறியவில்லை. கொட்டிலில் சாக்கால் மூடி வைத்திருந்தார். மூன்று நாள் மினக்கெட்டு அதையே திரும்பப் பூட்டினார். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும் என்று அடிக்கடி ஒயில் பார்ப்பார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே எழும்பி நடந்தபோது, நடக்கமுடியாத அம்மம்மாவைச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த 30 குதிரை வலு எஞ்சின்தான். நாவற்குழிப் பாலம் தாண்ட விடிந்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னான்: "அண்ணை, இஞ்ச பெற்றோல் தடை இல்லையே."

உண்மைதான். மொன்றியல் வேகத்துக்குப் பேர்போன ஊர். இந்த ஊர்ப் பந்தயத் திடல் ஜில் வில்நேவ் என்ற கியூபெக்காரரின் பெயரைத் தாங்கியது. 1979இல் டிஜோன் பந்தயத்தில் ரேர்போ பூட்டிய றெனோ முதன்முறையாக வென்றது. இரண்டாமிடத்துக்கு இன்னொரு றெனோவோடு சில்லோடு சில்லு உரசி ஓடி வென்றவர், ரேர்போ இல்லாத 12 சிலிண்டர் பெராரியில் வந்த வில்நேவ். 1981இல் பெராரியும் ரேர்போவுக்கு மாறியது. அந்தக் காரிலும் அவர் மொனாக்கோவிலும் ஸ்பெயினிலும் வென்றார். ஆகவே எந்த வழி உயர்ந்தது என்று வரலாறு ஒரே தீர்ப்புச் சொல்லவில்லை. எந்த எஞ்சின், எந்த எரிபொருள், யாருடைய காசு என்றுதான் அது திருப்பிக் கேட்கிறது.

நான் தம்பிக்குச் சொன்னது ஒன்றுதான்: வேண்டுமுன் இருக்கிற எஞ்சினின் அமுக்கத்தை அளந்து பார். களைத்த எஞ்சினுக்கு ரேர்போ பூட்டுவது, வருத்தக்காரனை மூட்டை தூக்க விடுவதுபோல.

அடுத்த ஞாயிறு தெரிந்த ஒருவரின் கராஜில் அளந்தோம். மூன்று சிலிண்டர்கள் 175க்குக் கிட்ட நின்றன. மூன்றாவது சிலிண்டர் 115. ரேர்போக் கதை அதோடு முடிந்தது. 1999இல் வந்த சிவிக் எஸ்.ஐ.ஆரின் வலுக்கூடிய எஞ்சின் இதே உடம்புக்குள் பொருந்தும். ஆனால் கியர்பெட்டி, வயர், கணினி, காப்புறுதி என்று 4,000 டொலரும் போய்விடும். அந்தக் காசுக்குள்தான் அவனுடைய தாயைக் கூப்பிடும் அலுவலுக்கான செலவும் இருந்தது. அதை அவன் அன்றுதான் எனக்குச் சொன்னான்.

கடைசியில், முன்பு இருந்ததைப் போன்ற ஒரு சாதாரண எஞ்சினை, கொஞ்சம் குறைய ஓடியதை, பழைய சாமான் கடையில் வாங்கிப் பூட்டினான். பாதிக் காசுக்குமேல் மிஞ்சியது. முகத்தில் சந்தோசம் இல்லை. இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவுமில்லை.

மூன்றாம் நாள் கேட்டான்: "அண்ணை, அந்தப் பழைய எஞ்சினை என்ன செய்யிறது?"

மாமாவின் கொட்டில் நினைவுக்கு வந்தது. இங்கே எங்களுக்குக் கொட்டில் இல்லை. இருவரும் வாடகை அறைக்காரர். இரும்புக்காரனுக்கே கொடுக்கச் சொன்னேன்.