ஒரே திகதி, வேறு நாள்

நேயர்களே, ஏப்ரல் 23ஆந் திகதி உலகப் புத்தக தினம். 1995இல் யுனெஸ்கோ இதனைப் பிரகடனஞ் செய்தபோது, ஆங்கில நாடகப் பேராசான் ஷேக்ஸ்பியரும், ‘டொன் குவிக்ஸோட்’ என்னும் நாவலைத் தந்த ஸ்பானிய எழுத்தாளர் சேர்வாந்தெஸும் 1616ஆம் ஆண்டு இதே நாளில் மறைந்தனர் என்பதே காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. கேட்கும்போதே மெய்சிலிர்க்கிறதல்லவா? ஆயினும் வரலாறு வேறொன்று சொல்கிறது.

யூலியஸ் சீசர் வகுத்த நாட்காட்டி ஓராண்டை 365¼ நாள் எனக் கொண்டது. உண்மையான ஆண்டு அதனிலும் ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. இச்சிறு வழு நூற்றாண்டுகளாகத் திரண்டு, பருவங்களுக்கும் திகதிகளுக்குமிடையே 10 நாள் இடைவெளியை உண்டாக்கிற்று. 1582இல் பாப்பரசர் 13ஆம் கிரகோரி இதனைத் திருத்தினார். அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆந் திகதிக்கு அடுத்த நாள் 15ஆந் திகதியாயிற்று. கத்தோலிக்க நாடாகிய ஸ்பெயின் உடனே ஏற்றுக்கொண்டது. பாப்பரசரின் ஆணையை ஏற்க விரும்பாத இங்கிலாந்தோ 1752வரை பழைய நாட்காட்டியையே பின்பற்றியது.

ஆகவே, ஷேக்ஸ்பியர் மறைந்த ஏப்ரல் 23, ஸ்பெயின் நாட்டுக் கணக்கில் மே 3 ஆகும். சேர்வாந்தெஸ் மறைந்ததோ ஏப்ரல் 22. 23ஆந் திகதி அவர் அடக்கஞ் செய்யப்பட்ட நாள் என்பர். எனவே, இரு மரணங்களுக்குமிடையே 11 நாள்கள் உள்ளன. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஒரே புத்தாண்டுக்கு வெவ்வேறு பிறப்பு நேரங் குறிப்பதை ஆண்டுதோறும் காணும் நமக்கு இது விளங்காத புதிரன்று.

அப்படியாயின் இவ்விருவருக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ‘டொன் குவிக்ஸோட்’டின் முதற்பாகம் 1605இல் வெளிவந்தது. தோமஸ் ஷெல்ரன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1612இல் அச்சேறியது. மறுஆண்டே, அந்நாவலில் வரும் கார்டெனியோ என்னும் பாத்திரத்தின் பெயர் தாங்கிய நாடகமொன்றை ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவினர் அரச சபையில் நடித்தனர். 1653இல் ஒரு பதிப்பாளர் அந்நாடகத்தைப் பதிவுசெய்தபோது ஜோன் பிளெச்சர், ஷேக்ஸ்பியர் ஆகிய இருவரையும் ஆசிரியர்களாகக் குறித்தார். அப்பதிவை முற்றாக நம்பாத ஆய்வாளரும் உளர். நாடகப் பிரதியோ இன்று கிடைப்பதில்லை. சேர்வாந்தெஸ் ஷேக்ஸ்பியரை அறிந்திருந்தார் என்பதற்கும் சான்றில்லை.

திகதி காட்டும் ஒற்றுமை தற்செயலானது, அதுவும் பிழையானது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் உழைப்பினால் ஸ்பானிய நாவல் ஒன்று இலண்டன் மேடையை எட்டியதே மெய்யான உறவு. பகைமை பாராட்டிய இரு நாடுகள், நாட்காட்டியிலும் உடன்பட மறுத்த அக்காலத்தில், ஒரு நூல் எல்லை கடந்து சென்றது. புத்தகத்துக்கென ஒரு தினம் கொண்டாட இதனினும் தக்க காரணம் வேறென்ன வேண்டும், நேயர்களே?