ஒரு துவிச்சக்கர வண்டியின் விலை: குப்பைமேட்டிலிருந்து பத்தாயிரம் டொலர் வரை

ஒரு துவிச்சக்கர வண்டிக்கு 7,500 கனேடிய டொலர் கொடுக்கலாமா? வன்கூவரில் வாழும் என் மருமகன் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அமெரிக்க டொலரில் கணக்கிட்டால் ஐயாயிரத்தைச் சற்றுத் தாண்டும் தொகை. அவர் வாங்க விரும்புவது ‘என்டூரோ’ வகை மலைச் சைக்கிள். தாயாரான என் அக்காவோ, “இந்தக் காசுக்கு ஒரு பழைய கார் வாங்கலாமே, பைத்தியமா உனக்கு?” என்று ஒரே வசனத்தில் வழக்கை முடித்துவிட்டார். நடுவராக இருக்கும்படி இருவருமே என்னைக் கேட்டனர்.

அக்காவின் கோபத்தை நான் நன்கு அறிவேன். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் யுத்தம் மூண்டு, எரிபொருளும் பற்றரியும் குடாநாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்ட காலத்தில், யாழ்ப்பாணத்தை உருட்டிச் சென்றவை றலி சைக்கிள்கள்தாம். விறகும் நெல்லும் நோயாளியும் கர்ப்பிணியும் சைக்கிளிலேயே சென்றனர். சைக்கிள் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்தும் ஒரு கரியரில் கட்டப்பட்டிருந்தது. அந்தத் தலைமுறைக்குச் சைக்கிளின் பெறுமதி அது தாங்கும் பாரத்தில் இருந்தது. மலையில் ஏறி, ஏறிய மலையிலிருந்தே விழுந்தடித்து இறங்குவதற்கென ஒரு சைக்கிள் என்றால், அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆயினும் ஒரு பொருளின் விலை நியாயமா என்று தீர்மானிப்பதற்கு, அந்த விலை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தாக வேண்டும். ஆகவே வழக்கை ஒத்திவைத்துவிட்டு, வரலாற்றைப் புரட்டத் தொடங்கினேன்.

ஐந்து நிமிட இறக்கம்

மலைச் சைக்கிளின் பிறப்பிடம் கலிபோர்னியாவின் மரீன் மாவட்டம். அங்கே தமல்பையஸ் என்றொரு மலை உண்டு. பெயரைக் கேட்டதும் தமிழோடு முடிச்சுப் போட எவரும் புறப்பட வேண்டாம். அது கோஸ்ட் மிவோக் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த சொல். 1970களின் நடுப்பகுதியில் அந்த மலையின் அயலில் வாழ்ந்த சில இளைஞர்கள், 1930களிலும் 1940களிலும் ஷ்வின் கொம்பனி தயாரித்த பருத்த ரயர்ச் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளிலும் குப்பைமேடுகளிலும் தேடியெடுத்தார்கள். சில டொலர்களுக்கு, சிலவேளை இனாமாகவே, அவை கிடைத்தன. மட்கார்ட், மணி, ஸ்ராண்ட் அனைத்தையும் கழற்றி எறிந்துவிட்டு மலைச்சரிவில் உருட்டிவிட்டார்கள்.

1976 ஒக்டோபர் 21 அன்று, பெயர்பாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேலே, நேரத்தை அளந்து முதலாவது போட்டி நடத்தப்பட்டது. ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் சுமார் 1,300 அடி கீழிறங்கும் மண்பாதை அது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்குகள், அடிவாரத்தை எட்டும்போது கொதித்து, உள்ளேயிருந்த கிறீஸ் புகையாகிவிடும். ஒவ்வோர் இறக்கத்தின் பின்னும் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தமையால், மீண்டும் அடைத்தல் என்ற பொருளில் அந்தப் பாதைக்கே ‘ரீபாக்’ என்று பெயர் வந்தது. கரி பிஷர் அங்கே பதித்த 4 நிமிடம் 22 விநாடி என்ற சாதனை எவராலும் முறியடிக்கப்படவில்லை.

இந்தக் கட்டத்தில் விலை என்ற கேள்வியே எழவில்லை. வண்டி உடைந்தால் இன்னொரு குப்பைமேடு. ஆனால் உடைவு தொடர்ந்தது. ஐம்பது ஆண்டுப் பழைமையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பிரேம்களுக்கு அந்த அடி தாங்கவில்லை. 1977 இல் ஜோ பிறீஸ் என்பவர் இந்த ஓட்டத்துக்கென்றே ஒரு பிரேமை முற்றிலும் புதிதாகக் கட்டினார். அந்த முதல் வண்டி இன்று வொஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது.

1,300 டொலரும் 750 டொலரும்

1979 இல் கரி பிஷரும் சார்லி கெலியும் ‘மவுன்டன்பைக்ஸ்’ என்ற பெயரில் சிறு வியாபாரம் ஒன்றைத் தொடங்கினர். பிரேம்களைக் கட்டியவர் ரொம் ரிச்சி. வண்டியொன்றின் விலை ஏறத்தாழ 1,300 டொலர். பணவீக்கத்தைக் கணக்கிற் கொண்டால், அது இன்றைய பெறுமதியில் 5,500 டொலருக்கு மேல்! வாசகர்கள் இந்த எண்ணைச் சற்று மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். அதிர்வுதாங்கி இல்லை, டிஸ்க் பிரேக் இல்லை. அந்த வண்டிக்கு அன்று கொடுக்கப்பட்ட விலை, என் மருமகனிடம் இன்று கேட்கப்படும் விலையைவிடக் குறைந்ததல்ல. மலைச் சைக்கிள் பின்னாளில் விலையேறிய பொருள் அன்று. கடைக்கு வந்த நாளிலேயே விலையுயர்ந்த பொருள்.

அதை மலிவாக்கியவர் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் மைக் சின்யார்ட். 1981 இல் ‘ஸ்ரம்ப்ஜம்பர்’ என்ற வண்டியை ஜப்பானில் தொகையாகத் தயாரிப்பித்து 750 டொலருக்கு விற்றார். இன்றைய பெறுமதியில் ஏறத்தாழ 2,600 டொலர். ஒரு கைவினைஞரின் பட்டறையில் பிறந்த பொருள் தொழிற்சாலைக்குச் சென்றதும் விலை ஏறத்தாழ பாதியானது. அடுத்த பத்தாண்டுகளில் உற்பத்தியின் மையம் தாய்வானுக்கு நகர்ந்தது. 1972 இல் அங்கு தொடங்கப்பட்ட ஜயன்ட் நிறுவனம், சிக்காக்கோத் தொழிற்சாலையில் 1980 இல் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னர் ஷ்வினுக்குச் சைக்கிள் செய்துகொடுக்கும் பெருநிறுவனமாயிற்று. எந்த ஷ்வினின் பழைய வண்டிகளிலிருந்து இந்த விளையாட்டே பிறந்ததோ, அந்த ஷ்வின் மலைச் சைக்கிளின் வருகையை உரிய காலத்தில் உணராது பின்தங்கி, 1992 இல் வங்குரோத்து நிலையை அடைந்தது வரலாற்றின் விநோதங்களில் ஒன்று.

விலை மீண்டும் ஏறிய கதை

குறைந்த விலை மீண்டும் ஏறியது ஏன்? 1989 இல் போல் ரேர்னரின் ‘றொக்‌ஷொக்ஸ்’ முன் அதிர்வுதாங்கி சந்தைக்கு வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடைபெற்ற முதலாவது உத்தியோகபூர்வ உலக சாம்பியன் போட்டியில், இறக்கப் பிரிவில் வென்ற கிரெக் ஹேர்போல்ட் அதனைப் பொருத்தியிருந்தார். 1996 இல் அத்லான்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளோட்டம் சேர்க்கப்பட்டது. பின்சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி வந்தது. ஹோர்ஸ்ட் லைட்னர் என்பவர் வகுத்த பின்புற இணைப்பு முறையின் காப்புரிமையை 1998 இல் ஸ்பெஷலைஸ்ட் வாங்கிக்கொண்டது. அது காலாவதியான 2013 வரை, அமெரிக்கச் சந்தையில் அந்த முறையைக் கையாள விரும்பிய ஏனைய கொம்பனிகள் கட்டணம் செலுத்தவேண்டும், அல்லது வேறு வழி தேடவேண்டும். விலைப்பட்டியலில் இரும்பும் அலுமினியமும் மட்டுமன்றிச் சட்டத்தரணியின் செலவும் அடங்கியிருந்தது.

‘என்டூரோ’ என்பது மோட்டார்ச் சைக்கிள் உலகிலிருந்து கடன் வாங்கிய சொல். இறக்கங்கள் மாத்திரம் நேரக்கணக்கில் சேரும். அடுத்த இறக்கத்தின் உச்சியை வீரர் பெரும்பாலும் தம் கால்வலுவினாலேயே மிதித்து அடைய வேண்டும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் 2000களில் வளர்ந்த இந்த முறை, 2013 இல் இத்தாலியின் புன்ரா அலாவில் தொடங்கிய ‘என்டூரோ வேர்ல்ட் சீரிஸ்’ மூலம் உலகத் தொடராயிற்று. முதலாண்டுப் பட்டங்களைப் பிரான்ஸின் ஜெரோம் கிளெமன்ஸும் பிரித்தானியாவின் ட்ரேசி மோஸ்லியும் வென்றனர். 2023 இலிருந்து சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கத்தின் உலகக் கிண்ணமாக அது நடைபெறுகிறது.

ஏறவும் வேண்டும், பாறைகளின் மேல் பாய்ந்து இறங்கவும் வேண்டும் என்ற இரட்டைக் கட்டளையே இந்த வண்டியின் விலைக்கு மூலகாரணம். முன்னும் பின்னும் 150 முதல் 180 மில்லிமீற்றர் வரை அமுங்கும் அதிர்வுதாங்கிகள், ஓடும்போதே பொத்தானை அழுத்தி இருக்கையைத் தாழ்த்தும் தண்டு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பெரிய டிஸ்க் பிரேக்குகள், முன்னால் ஒரு பற்சக்கரமும் பின்னால் பன்னிரண்டும் கொண்ட கியர் தொகுதி. எடையோ 15, 16 கிலோ. ஜோ பிறீஸின் 1977 ஆம் ஆண்டு வண்டி 17 கிலோ அளவில் இருந்தது. ஆகவே எடை குறைந்தமைக்காக எவரும் இங்கு காசு கொடுக்கவில்லை. அந்த எடைக்குள் அடக்கப்பட்டிருக்கும் கட்டுப்பாட்டுக்காகவே கொடுக்கிறார்கள்.

தீர்ப்புக்கு முன் ஒரு கணக்கு

இனி வழக்குக்கு வருகிறேன். ஒரே பெயரில், ஒரே வடிவில், நாலாயிரம் டொலருக்கும் பத்தாயிரம் டொலருக்கும் வண்டிகள் விற்கப்படுகின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த மிகப்பெரிய முன்னேற்றம் பிரேமின் கோணங்களிலும் நீளங்களிலும் ஏற்பட்டது. முன் கவை நிலத்தோடு அமைக்கும் கோணம் 70 பாகையை அண்டியிருந்த நிலையிலிருந்து 63, 64 பாகைக்குச் சாய்ந்தமையால்தான் செங்குத்தான சரிவில் ஓட்டுநர் தலைகீழாகக் கவிழாதிருக்கிறார். கோணத்துக்குத் தனி விலை கிடையாது. மலிவான அலுமினிய வண்டியிலும் அதே கோணம்தான். காசு பேசுவது முதலில் அதிர்வுதாங்கியிலும் பிரேக்கிலும்; அங்கே ஒரு படி உயர்வுக்குக் கொடுக்கும் பணத்தை உடல் உணரும். அதற்கப்பால் கார்பன் இழைப் பிரேம், மின்சாரக் கியர் என்று செல்லும் ஆயிரங்கள் சில நூறு கிராமையும் சில விநாடிகளையும் வாங்குபவை. பந்தயக்காரருக்கு அது பிழைப்பு. ஏனையோருக்கு அலங்காரம்.

விலைப்பட்டியலில் எழுதப்படாத விலையும் உண்டு. 26 அங்குலச் சக்கரம் 2012 க்குப் பிந்திய ஓரிரு ஆண்டுகளில் 27.5 அங்குலத்துக்கு வழிவிட்டது; பின்னர் 29 அங்குலம் மேலோங்கியது. அச்சின் அகலமும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நேற்றுவரை நல்ல வண்டியாக இருந்தது விற்கமுடியாத வண்டியாயிற்று. அதிர்வுதாங்கியின் கீழ்க்கால்களை ஏறத்தாழ 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டும். றலிக்கு இரண்டு துளி எண்ணெய் விட்ட காலம் போய்விட்டது.

மருமகனுக்கு எழுதிய கணக்கு இதுதான். 5,200 அமெரிக்க டொலர் வண்டியை நான்கு ஆண்டுகளின் பின் பாதி விலைக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இழப்பு 2,600. ஆண்டுக்கு 400 டொலர் பராமரிப்பு எனின் நான்கு ஆண்டுக்கு 1,600. மொத்தம் 4,200, ஆண்டுக்கு 1,050. ஆண்டில் 60 நாட்கள் மலைக்குச் சென்றால் நாளொன்றுக்கு 17 டொலர் 50 சதம். பத்து நாட்கள் மாத்திரம் சென்றால் 105 டொலர். விஸ்லர் மலைப் பூங்காவில் இத்தகைய வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதற்கும் ஏறத்தாழ அதே தொகைதான். ஆகவே பத்து நாள் ஓட்டுபவர் வாங்குவதில் பொருளில்லை. வாடகைக்கு எடுத்தாற் போதும். அறுபது நாள் ஓட்டுபவருக்கு அந்த வண்டி வீண்செலவன்று.

காலம் பார்த்து வாங்குவதும் முக்கியமானது. 2020 இல் கொவிட் தொற்றின்போது உலகெங்கும் சைக்கிள் கடைகள் காலியாகின. கொம்பனிகள் அளவுமீறித் தயாரிக்க உத்தரவிட்டன. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் அதே வண்டிகள் களஞ்சியங்களில் தேங்கிப் பெருங்கழிவில் விற்பனையாகின. முந்திய ஆண்டு மாதிரியைக் கழிவு விலையில் வாங்குபவருக்கு வண்டி ஓராண்டு பழையதாகத் தெரியலாம். மலைக்கு அது தெரியாது.

அருகில் உண்மையான மலை இல்லாத ஊரில் வாழ்பவர்களுக்கு, 130 அல்லது 140 மில்லிமீற்றர் அமுங்கும் சாதாரண மலைச் சைக்கிளே ஏற்றது. என்டூரோ வண்டியைச் சமதரையில் மிதிப்பது, பாரவூர்தியை எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குச் செல்வதைப் போன்றது. வன்கூவரில் மலை வீட்டு வாசலில் இருக்கிறது. ஆகவே அலுமினியப் பிரேம், நல்ல அதிர்வுதாங்கி, நல்ல பிரேக், முந்திய ஆண்டு மாதிரி, மேலே சொன்ன அறுபது நாட்கள் என்ற ஐந்து நிபந்தனைகளோடு வாங்கலாம் என்பது என் தீர்ப்பு.

அக்காவின் கேள்விக்கும் விடை சொல்லவேண்டும். 1976 இல் மரீன் மலையில் குப்பைச் சைக்கிள் ஓட்டியவர்களும் வீட்டில் இதே ஏச்சைக் கேட்டிருக்கக் கூடும். சைக்கிளில் உயிரைச் சுமந்து சென்ற தலைமுறைக்கு, அதே சைக்கிளில் விளையாடும் தலைமுறையைப் பார்த்து எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் நாம் அன்று அவ்வளவு பாரத்தையும் மிதித்துச் சென்றது, நம் பிள்ளைகளும் அதே பாரத்தை மிதிக்க வேண்டும் என்பதற்காக அல்லவே.